சொண்டுக்கு ஒரு சிவப்பு: மூலிகை உதட்டுச்சாயம் முதல்முறை செய்பவர்களுக்கு

நல்லூர்த் திருவிழா நேரத்தில் என் பெறாமகள் ஒரு சின்னப் பேணியோடு வந்தாள். யூரியூப்பில் பார்த்துச் செய்ததாம். பீற்றூட்டைத் துருவிப் பிழிந்து, சாற்றைச் சுண்டவைத்து, உருக்கிய தேன்மெழுகிலும் தேங்காய் எண்ணெயிலும் ஊற்றிக் கலக்கியிருக்கிறாள். மூடியைத் திறந்தால் வெளிறிய மஞ்சள் மெழுகு, அதற்குள் அங்கங்கே கறுத்த சிவப்பு முத்துகள். விரலால் அழுத்தினால் முத்து உடைந்து சாறு ஓடியது. "சித்தி, சொண்டில எண்ணெய் மட்டும்தான் ஒட்டுது. சிவப்பெல்லாம் விரலிலதான் நிக்குது" என்றாள். இரண்டு கிழமை கழித்து அதே பேணிக்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்திருந்தது.

அவள் மேல் பிழையில்லை. இணையத்தில் கிடக்கும் செய்முறைகளில் பாதி இப்படித்தான் முடியும். உதட்டுச்சாயம் என்பது மெழுகும் எண்ணெயும் சேர்ந்த கட்டி. பீற்றூட்டின் சிவப்போ தண்ணீரில் மட்டும் கரையும் சாதி. இரண்டையும் எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் ஆறும்போது பிரிந்துவிடும். அதோடு தண்ணீர் உள்ளே போன இடத்தில் பூஞ்சணம் வரும். ஆகவே கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டே விதிகள்தான் இருக்கின்றன: எண்ணெயோடு போகும் நிறத்தைத் தேடுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீரையும் சேர்க்காதீர்கள்.

கடைச் சாயத்தில் என்ன இருக்கிறது

செயற்கைச் சாயம் எல்லாம் நஞ்சு என்று பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சந்தையில் இருந்த 400 உதட்டுச்சாயங்களைச் சோதித்தபோது சராசரியாகப் பத்து இலட்சத்தில் 1.11 பங்கு ஈயம் இருந்தது. ஆகக் கூடியதில் 7.19 பங்கு. பிறகு அவர்கள் பரிந்துரைத்த உச்ச எல்லை 10 பங்கு. அதாவது ஒழுங்காகச் செய்யும் நிறுவனத்தின் சாயத்தால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. கவலைப்பட வேண்டியது பெயரும் முகவரியும் இல்லாமல் மலிவாக வரும் சரக்கைப் பற்றித்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈயத்தை யாரும் வேண்டுமென்று போடுவதில்லை. மண்ணிலிருந்தும் கனிமத்திலிருந்தும் அழுக்காக ஒட்டிக்கொண்டு வருவது அது. மூலிகைத் தூளும் மண்ணிலிருந்துதானே வருகிறது? எங்கிருந்து வந்தது என்று தெரியாத தூளை "இயற்கை" என்ற ஒரே காரணத்துக்காக நம்பாதீர்கள்.

"ஹேர்பல்" என்று பச்சை இலைப் படம் போட்டு விற்பதை வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். நிறங்களுக்குச் சி.ஐ. (CI) என்ற எழுத்துகளோடு ஐந்து இலக்க எண் போட்டிருப்பார்கள். 75 என்று தொடங்கினால் தாவரத்திலோ உயிரினத்திலோ எடுத்தது. 77 என்றால் கனிமம். 15850 போன்றவை ஆய்வுகூடத்தில் செய்தவை. இதிலும் ஒரு பொறி இருக்கிறது: 75470 என்பது கார்மைன், ஒருவகைச் செதிற்பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சிவப்பு. முழுக்க இயற்கைதான்; ஆனால் சைவச் சாப்பாட்டுக்காரர் அதை அறிந்தால் சொண்டில் வைக்க மாட்டார்.

எங்கள் அம்மம்மாவின் சொண்டு எப்போதும் சிவப்பு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. அதுவும் இயற்கை மூலிகைச் சாயம்தான், ஒரு சதம் செயற்கை இல்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், ஏன் பாக்கு மட்டுமேகூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்திவிட்டது. "இயற்கைதானே, என்ன செய்யும்?" என்று யாராவது கேட்டால் எனக்கு அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டம்தான் நினைவுக்கு வரும்.

நிறம்: எல்லாம் இதில்தான்

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். மெழுகும் எண்ணெயும் கடையில் வாங்குகிற சாமான். அளவு தெரிந்தால் யாரும் உருக்கலாம். நிறத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

எண்ணெயில் நன்றாகக் கரையும் சிவப்பு என்றால் முதலில் வருவது வேம்பாளம்பட்டை. தலைக்கு வைக்கும் எண்ணெய்க்குச் சிவப்பு ஏற்ற நாட்டு மருந்துச் சரக்குக் கடையில் வாங்குவோமே, அதுதான். தேங்காய் எண்ணெயில் போட்டு இளஞ்சூட்டில் வைத்தால் பத்து நிமிடத்தில் திராட்சைரசம் போல இறங்கும். பார்க்க அவ்வளவு வடிவு. ஆனால் இந்த ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தாவரங்களின் பட்டையும் வேரும் விற்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றான அல்கனெற் வேரில் ஈரலுக்குக் கூடாத அல்கலோயிட்டுகள் உண்டு. தலையில் வைப்பது வேறு, சொண்டில் வைப்பது வேறு. சொண்டில் பூசுவதில் ஒரு பங்கு எப்படியும் வயிற்றுக்குப் போகும். எனவே நான் இதைக் கல்யாணம், கோயில் என்று எப்போதாவது பூசும் பேணிக்கு மட்டும் சேர்க்கிறேன். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சிறுபிள்ளைகளும் இந்தப் பக்கமே வர வேண்டாம். கடைக்காரர் தருவது எந்தச் செடி என்று சந்தேகமாக இருந்தால் சித்த வைத்தியர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். யாழ்ப்பாணத்துக் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலையே இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இல்லாத ஊரில்லை நாங்கள்.

நாளாந்தம் பூச எனக்குப் பிடித்தது சாப்பிராவிரை. குரங்கு மஞ்சள் என்றும் சொல்வார்கள். மயிர்போல மென்முள் மூடிய சிவந்த காய்; வெடித்தால் உள்ளே செங்கல் நிறத்தில் பசை பூசியதுபோலச் சின்ன விதைகள். ஒரு விதையை விரலில் உரசினாலே செம்மஞ்சள் ஒட்டும். பிறந்த இடம் தென்னமெரிக்கா. அங்குள்ள பழங்குடிகள் உடம்பிலும் முகத்திலும் பூசிவந்ததால் ஆங்கிலத்தில் இதற்கு "உதட்டுச்சாய மரம்" என்றே ஒரு பெயர் உண்டு. சாப்பாட்டுக்கும் இதையே நிறமாகச் சேர்க்கிறார்கள். சீஸுக்கும் மாஜரினுக்கும் மஞ்சள் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். இதிலுள்ள பிக்சின் என்ற நிறப்பொருள் எண்ணெயில் கரையும். தனியாகப் பூசினால் தோடம்பழ நிறம், எல்லோருக்கும் பொருந்தாது. கூடவே கொஞ்சம் கொக்கோத் தூளும் பீற்றூட் தூளும் சேர்த்தால் எங்கள் தோல் நிறத்துக்கு ஏற்ற செங்கட்டிச் சிவப்பு வரும்.

பீற்றூட்டை அப்போ விட்டுவிடுவதா? வலிகாமத்துச் செம்மண்ணில் விளையும் பீற்றூட் சந்தையில் குவிந்து கிடக்கும்போது எப்படி விடுவது! சாறாகப் போடாதீர்கள், தூளாகப் போடுங்கள். மெல்லிய வட்டமாகச் சீவி, சுளகில் பரப்பி, மேலே ஒரு கறுப்புத் துணியைப் போட்டு இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். நேர் வெயில் பட்டால் நிறம் வெளிறும். கையில் எடுத்து முறித்தால் அப்பளம்போலச் சடக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒரு கிலோ கிழங்கு காய்ந்தால் 100 கிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கிரைண்டரில் அரைத்து, பிறகு பழைய நைலெக்ஸ் சீலைத் துண்டால் சலியுங்கள். மா அரிக்கும் அரிதட்டு போதாது. அதில் விழும் தூள் சொண்டில் மணல்போல நறநறக்கும்.

இந்தத் தூளும் எண்ணெயில் கரையாது, மிதந்து நிற்கும். சொண்டில் ஈரம் பட்டதும்தான் நிறம் விடும். அதனால் பூசிய உடனே ஒன்றும் தெரியாமல், கொஞ்ச நேரத்தில் இளஞ்சிவப்பு ஏறும். தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்பிலும் ஏறும்.

செவ்வரத்தம்பூவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், ஏனென்றால் எல்லார் வேலியிலும் நிற்கிறது. ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். நாலு பூவின் இதழைக் கிணற்றுத் தண்ணீரில் அவியவிடுங்கள். சிவப்பு வராது, ஊதா வரும். எங்கள் ஊர் சுண்ணக்கல் நிலம். அந்தத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு நிறத்தை நீலப்பக்கம் தள்ளிவிடும். அதற்குள் நாலு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு விட்டால் கண்ணுக்கு முன்னாலேயே ரோசாச் சிவப்பாக மாறும். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான விளையாட்டு. உதட்டுச்சாயத்துக்கு உதவாது: தண்ணீரில் கரையும் சாதி, அதிலும் ஒரு நிலையில் நிற்காத சாதி.

மஞ்சிட்டி, செஞ்சந்தனம் இரண்டும் நாட்டு மருந்துக் கடையில் தூளாகக் கிடைக்கும். எண்ணெயில் கனக்க இறங்கா, ஆனால் நைசாக இருந்தால் தூளாகவே சேர்க்கலாம். மங்கல் செம்பழுப்பு தரும்.

சேர்க்கக் கூடாதவை என்று ஒரு ஐந்தாறு இருக்கின்றன. குங்குமத்தில் என்ன சாயம் போட்டிருக்கிறார்கள் என்பது செய்தவருக்கே வெளிச்சம். செந்தூரத்தில் ஈயமோ பாதரசமோ இருக்கலாம், கையில்கூட எடுக்காதீர்கள். காவிமண் இரும்புச் சத்தால் சிவந்தது என்பது உண்மை, ஆனால் அதோடு வேறென்ன உலோகம் வருகிறது என்று வீட்டில் பார்க்க முடியாது. மருதோன்றி தோலையே சாயமேற்றுவது, சொண்டுக்கு வேண்டாம். கறுவாத் தூள் சேர்த்தால் சொண்டு தடித்து வடிவாகத் தெரியும் என்று எழுதியிருப்பார்கள். அந்தத் தடிப்பு எரிவினால் வருகிற வீக்கம். தேசிக்காய்ச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகி மாதக்கணக்கில் கறை நிற்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

முதலில் தராசு. 0.1 கிராம் வரை காட்டும் சின்ன இலத்திரனியல் தராசு. தேக்கரண்டிக் கணக்கில் உதட்டுச்சாயம் செய்ய முடியாது. ஒரு கிராம் மெழுகு கூடினால் மெழுகுதிரி, குறைந்தால் களிம்பு.

தேன்மெழுகைத் தேன் விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வன்னிப் பக்கத்துத் தேன் அடையாகவே கிடைத்தால் இன்னும் நல்லது. தேனைப் பிழிந்த அடையைத் தண்ணீரில் போட்டு மெல்லிய சூட்டில் உருக்கி, துணியால் வடித்து ஆறவிட்டால் மெழுகு மேலே வட்டக் கட்டியாக மிதக்கும். அடிப்பக்கத்து அழுக்கைச் சுரண்டி, ஈரம் போக ஒரு நாள் காயவிடுங்கள். கடையில் "மெழுகு" என்று கேட்டு வாங்கும்போது கவனம்: மெழுகுதிரி மெழுகு பெற்றோலியத்திலிருந்து வருவது. தேன்மெழுகை மூக்கருகில் வைத்தால் தேன் மணக்கும். உடைத்தால் உடைந்த முகம் சொரசொரப்பாக இருக்கும். பூச்சி, தேனீ ஒன்றும் வேண்டாம் என்பவர்கள் கண்டெலிலா என்ற செடி மெழுகை இணையத்தில் வரவழைக்கலாம். அது இன்னும் இறுக்கம் என்பதால் தேன்மெழுகின் அளவில் பாதியளவே போதும்.

ஆமணக்கெண்ணெய் இல்லாமல் உதட்டுச்சாயம் இல்லை. கடைச் சாயங்களிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கும். கெட்டியானது, பளபளப்புத் தருவது, தூளைத் தூக்கிப் பிடித்து வைத்திருப்பது. பாமசியில் சின்னப் போத்தல் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது. கொக்கோ பட்டர் கேக் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். அதற்குப் பதிலாக இலுப்பெண்ணெய் போடலாமா என்று ஒருவர் கேட்டார். எண்ணெய் குணத்துக்கு ஒத்துவரும், மூக்குக்குத்தான் ஒத்துவராது. நானும் ஒருமுறை செய்து, பூசிக்கொண்டு, கோயில் விளக்கடியில் நிற்பதுபோல ஒரு பகல் முழுக்கத் திரிந்தேன்.

உள்ளே எண்ணெய் இருக்கும் விற்றமின் ஈ மாத்திரை ஒன்று. எண்ணெய் காறல் எடுப்பதை அது பின்தள்ளும். பூஞ்சணத்தைத் தடுக்காது, பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஒரு நாள் முன்னதாக: நிறமேறிய எண்ணெய்

50 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 10 கிராம் சாப்பிராவிரை. ஈரமில்லாத சின்னப் போத்தலில் இரண்டையும் போட்டு, ஒரு சட்டியில் சுடுதண்ணீர் வைத்து அதற்குள் போத்தலை இறக்குங்கள். தண்ணீர் கொதிக்கக் கூடாது. விரலை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூடு போதும். ஒரு மணித்தியாலம். இடையிடையே ஆட்டிவிடுங்கள். எண்ணெயை நேரடியாக அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் பிக்சின் கருகிச் சிவப்பு மஞ்சளாகிவிடும். வேம்பாளம்பட்டைக்கும் இதே அளவு, இதே முறை.

ஆறியதும் பழைய வேட்டித் துணியால் இரண்டு தரம் வடியுங்கள். கடதாசியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நடுவில் அழுத்தமான நிறம் இல்லையென்றால் அதே எண்ணெயில் புது விதை போட்டு இன்னொரு தரம் ஊறவிடுங்கள். பின்னால் தூளைக் கூட்டிச் சரிபண்ணலாம் என்று நினைக்க வேண்டாம். எண்ணெயில் இல்லாத நிறம் சொண்டில் வராது.

செய்யும் நாள்

கீழே உள்ள அளவில் 20 கிராம் சொச்சம் வரும். 5 கிராம் பேணி நாலு நிரப்பலாம்.

தேன்மெழுகு 5 கிராம், கொக்கோ பட்டர் 3 கிராம், ஆமணக்கெண்ணெய் 6 கிராம், நிறமேறிய தேங்காய் எண்ணெய் 6 கிராம், சலித்த தூள் (பீற்றூட்டும் கொக்கோவும் சேர்த்து) 1 முதல் 1.5 கிராம், விற்றமின் ஈ நாலு சொட்டு.

இது பங்குனி, சித்திரை வெக்கைக்கு முந்திய அளவு. தேங்காய் எண்ணெய் 24 பாகையில் உருகிவிடும், மார்கழி விடியலில் போத்தலுக்குள் உறைந்து நிற்பதும் அதனால்தான். எங்கள் சித்திரையில் அது ஒருநாளும் உறையாது. உதட்டுச்சாயத்தைக் கட்டியாகப் பிடித்து வைத்திருப்பது 62 பாகைக்கு மேல் உருகும் தேன்மெழுகு ஒன்றுதான். ஆகவே வெயில் காலத்தில் மெழுகை 6 ஆக்கி, தேங்காய் எண்ணெயை 5 ஆகக் குறையுங்கள். குச்சி வடிவக் குழாயில் ஊற்றுவதென்றாலும் இதே மாற்றம். முதல்முறை செய்பவர்கள் குழாயை மறந்துவிட்டுப் பேணியில் ஊற்றுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. குழாயிலிருந்து முறியாமல் எழும்பி வரும் குச்சி செய்வதற்கு நாலைந்து தரம் தோற்க வேண்டும்.

முதலில் பேணிகளையும் கரண்டியையும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துவிடுங்கள். கையையும் துடையுங்கள். ஈரம் எங்கிருந்து நுழைகிறது என்று பார்த்தால் முக்கால்வாசி ஈரக் கரண்டியிலிருந்துதான்.

அடுத்தது தூளைக் குழைப்பது. அவசரப்படுபவர்கள் இதைத் தாண்டிப் போய்த் தூளை நேராக உருகிய மெழுகில் கொட்டுவார்கள். அது கட்டிகட்டியாகத் திரளும், பிறகு எந்தக் கடவுள் வந்தாலும் கரைக்க முடியாது. ஒரு பீங்கான் தட்டில் தூளைப் போட்டு, அளந்த 6 கிராம் ஆமணக்கெண்ணெயில் கொஞ்சத்தை விட்டு, கரண்டியின் முதுகால் வட்டமாகத் தேயுங்கள். பத்து நிமிடம் தேய்த்தபின் இரண்டு விரலுக்கிடையில் எடுத்து உருட்டினால் பொருக்குத் தட்டுப்படக் கூடாது. மிச்ச எண்ணெயையும் சேர்த்துக் கூழாக்குங்கள். இதை அம்மியில் அரைத்தால் இன்னும் நைசாக வருமே என்று எனக்கும் ஒருநாள் புத்தி போனது. வந்தது, நன்றாகத்தான் வந்தது. அம்மியின் கண்ணுக்குள் ஊறிக் கிடந்த செத்தல் மிளகாயும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு என் சொண்டு எந்தச் சாயமும் இல்லாமலே இரண்டு மணித்தியாலம் சிவந்திருந்தது.

சரி, இனி அடுப்பு. சட்டியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் வைத்து, அதற்குள் ஒரு எவர்சில்வர் கோப்பையை இறக்குங்கள். கோப்பைக்குள் ஆவி போய் விழாதபடி சட்டியின் வாயோடு அது பொருந்தி நின்றால் நல்லது. முதலில் மெழுகு மட்டும். அது முழுவதும் தெளிந்து உருகியதும் கொக்கோ பட்டர். அதன்பின் நிறமேறிய எண்ணெய். எண்ணெய் விட்டதும் மெழுகு ஒருதரம் உறைந்து திரிந்ததுபோல் தெரியும், பயப்படாதீர்கள், திரும்ப உருகும். தெளிந்த பிறகு குழைத்த கூழைச் சேர்த்து, ஒரே திசையில் மெதுவாகக் கிளறுங்கள். நுரை எழும்ப அடிக்க வேண்டாம். காற்றுக் குமிழ் உள்ளே போனால் ஆறியபின் குழி குழியாக இருக்கும்.

இப்போது ஊற்றாதீர்கள். பதம் பாருங்கள். எள்ளுருண்டைக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்போமே, அதே வேலைதான். இங்கே தண்ணீருக்குப் பதிலாகப் பிறிஜ்ஜில் வைத்த எவர்சில்வர் கரண்டி. அதன் முதுகில் ஒரு சொட்டு விட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். விரலால் தடவினால் விரலின் சூட்டுக்கு இளகி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நகத்தால் சுரண்டினால்தான் வருகிறது என்றால் மெழுகு கூடிவிட்டது, ஆமணக்கெண்ணெய் அரைக் கிராம் விடுங்கள். தொட்ட உடனே எண்ணெயாக ஓடினால் அரைக் கிராம் மெழுகு. நிறத்தையும் இப்போதே சொண்டில் வைத்துப் பாருங்கள், விளக்கு வெளிச்சத்தில் அல்ல, வாசலில் நின்று பகல் வெளிச்சத்தில். கோப்பைக்குள் கறுப்பாகத் தெரிவது சொண்டில் மெல்லிசாகத்தான் தெரியும். கடைச் சாயம்போல மூடி மறைக்கிற சிவப்பு வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். மூலிகை தருவது ஒரு படலம். சொண்டின் சொந்த நிறமும் அதனூடே தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கும். மணமகளின் படத்தில் தெரிகிறமாதிரி அழுத்தமான சிவப்புத்தான் வேண்டும் என்றால் அழகுசாதனத் தரத்தில் விற்கும் இரும்பு ஒக்சைட் என்ற கனிம நிறத்தை வாங்கிச் சேருங்கள். அது மூலிகை இல்லை. ஆனால் எங்கிருந்தோ வந்த "மூலிகைத் தூளை"விட நம்பலாம்.

விற்றமின் ஈயை அடுப்பை அணைத்தபின் விடுங்கள். ஒருதரம் கிளறி, கோப்பையின் விளிம்பில் மெல்லிய ஆடை பிடிக்கத் தொடங்கும் நேரம் பார்த்துப் பேணிகளில் ஊற்றுங்கள். கனக்கச் சூடாக ஊற்றினால் தூள் அடியில் படிந்து மேலே வெறும் மெழுகு நிற்கும். ஆறவிட்டு ஊற்றினால் பாதி வழியிலேயே உறையும். ஒவ்வொரு பேணிக்கும் முன்னால் ஒருதரம் கிளறுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பேணி மட்டும் கறுத்திருக்கும். அந்தக் கடைசிப் பேணியைத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டுச் சண்டை பிடிப்பார்கள், அது வேறு கதை.

ஐந்து நிமிடம் வெளியே, இருபது நிமிடம் பிறிஜ்ஜில். ஆறுதலாக ஆறினால் கொக்கோ பட்டர் மணிமணியாகத் திரண்டு ரவைபோல் நிற்கும். அப்படி நின்றாலும் எறிய வேண்டாம். திரும்ப உருக்கி விரைவாகக் குளிரவிட்டால் சரியாகிவிடும். நிறம் போதாவிட்டாலும், இறுக்கம் போதாவிட்டாலும் அதே பதில்தான். தண்ணீர் சேர்ந்ததைத் தவிர வேறெந்தப் பிழையையும் இரண்டாம் தரம் உருக்கித் திருத்தலாம்.

கோப்பையைக் கழுவும் தொட்டிக்குள் கவிழ்க்காதீர்கள். மெழுகு குழாய்க்குள் உறைந்து அடைத்துவிடும். சூடு இருக்கும்போதே பழைய கடதாசியால் துடைத்துவிட்டு அப்புறம் சவர்க்காரம் போடுங்கள்.

பூசுவதற்கு முன்

முழங்கையின் உட்பக்கத்தில் பட்டாணியளவு பூசி இரண்டு நாள் பாருங்கள். ஆமணக்கெண்ணெய், தேன்மெழுகு இரண்டுமே சிலருக்கு அரிதாக ஒத்துக்கொள்ளாது. சொண்டு வெடித்து உரியும், ஓரத்தில் கடிக்கும். அப்படி வந்தால் "மூலிகை வேலை செய்கிறது" என்று சொல்லிக்கொண்டு தொடர்ந்து பூசாதீர்கள். நிறுத்துங்கள், இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

பேணியின் அடியில் செய்த திகதியை எழுதி ஒட்டுங்கள். பீற்றூட் தூள் போட்டதை மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். வெறும் நிறமேறிய எண்ணெயில் செய்தது ஆறு மாதம்வரை நிற்கும். திகதியைவிட மூக்கை நம்பலாம்: காறல் மணம் வந்தால் எறிய வேண்டியதுதான். நனைந்த விரலை உள்ளே விடாதீர்கள், ஒரு சின்னத் தூரிகை வைத்திருங்கள். ஒருவரின் பேணியை நாலு பேர் பூச வேண்டாம், கல்யாண வீட்டில்கூட. ஸ்கூட்டியின் இருக்கைக்குக் கீழே ஒருநாளும் வைக்காதீர்கள். மத்தியானம் திறந்து பார்த்தால் பேணிக்குள் சூப்புத்தான் இருக்கும்.

நாலைந்து பேணி செய்து நல்லாக வந்ததும் சொந்தக்காரர் "இதை விற்கலாமே" என்பார்கள். கேட்கும் முதல் ஆளுக்கே விற்றுவிட வேண்டாம். ஆறு மாதம் உங்கள் வீட்டு அலுமாரியில் ஒன்று கெடாமல் இருந்ததைப் பார்த்த பிறகு யோசியுங்கள். விற்பதென்றால் என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் பேணியில் எழுத வேண்டும், அதற்குரிய அனுமதி விடயங்களையும் கேட்டறிய வேண்டும்.

என் பெறாமகள் போன மாதம் தோழியின் கல்யாணத்துக்குத் தான் செய்த சாப்பிராவிரைப் பேணியோடு போனாள். திரும்பி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்ல வடிவா இருந்தது சித்தி. ஆனா சோறு சாப்பிட முதலே போயிட்டுது, ரெண்டு தரம் திரும்பப் பூசினனான்" என்றாள். அடுத்த தரத்துக்கு மெழுகை 6 கிராமாக எழுதி வைத்திருக்கிறாள்.